மைக் செட்டுக்காரர் வீட்டு இருட்டு

அப்பா குரும்பலூரில் மைக் செட் வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது கல்யாணம் நடந்தாலோ, குழந்தைக்குக் காது குத்தினாலோ, மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினாலோ எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். யாருக்கும் ஒன்றும் நடக்காத மாதங்களில் அதை எரிய வைப்பது அம்மாவின் பொறுப்பு.

சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் அப்பாவை வீட்டில் பார்க்க முடியாது. கூம்புக் குழாய்களையும் ஆம்ப்ளிஃபயரையும் டியூப் லைட்டுகளையும் வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். ஆடியில் கல்யாணம் கிடையாது. கூழ் ஊற்றுகிற அம்மன் கோயில்கள் கொஞ்சம் காப்பாற்றும். புரட்டாசியில் அதுவும் இல்லை. மார்கழி முழுக்க விடியற்காலையில் கோயிலில் பாட்டுப் போடுவார். அதற்குக் கூலி தொன்னையில் வெண்பொங்கல். கல்யாண வீட்டுக்காரர்கள் முன்பணம் தருவார்கள், மீதியைத் தருவதற்குள் அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கே காது குத்து வந்துவிடும்.

இப்படி வருகிற பணத்தில் வருடத்தை ஓட்டுவதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். கையில் காசாக இருந்தால் காசுக்குக் கால் முளைத்துவிடும் என்பது அவள் கட்சி. அதனால் வந்த கையோடு அதைப் பொருளாக்கிவிடுவாள். வருடத்துக்கான நெல், கொட்டை எடுத்த புளி, காய்ந்த மிளகாய், துவரை, எண்ணெய்க்குக் கடலை. ஆனிக் கடைசியில் எங்கள் வீடு மளிகைக் கடை மாதிரி இருக்கும். தை பிறக்கும்போது அந்தக் கடை நொடித்துப்போனது மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய நோட்டுகளைக்கூட முழு வருடத்துக்கும் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவாள். பொருளாக மாற்றிச் சேர்த்துவைக்க முடியாதது கரண்டு பில் ஒன்றுதான். முன்கூட்டியே கட்டிவிடலாமா என்று ஒரு தடவை விசாரித்துப் பார்த்தாள். அதற்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மாவின் ஏற்பாட்டில் ஒரே ஓட்டை அப்பா. இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. முகூர்த்த மாதங்கள் முடிகிற சமயம் பார்த்து யாராவது வந்து எதிரில் உட்காருவார்கள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசுவார்கள். எழுந்து போகும்போது அம்மாவின் நெல்லோ புளியோ காசாகவே அவர்கள் மடியில் போய்க்கொண்டிருக்கும். வாங்கிப் போனவர்கள் எல்லாம் நல்லவர்கள்தான். திருப்பித் தருவதற்கு மட்டும் அவர்களுக்கு நாள் கூடிவரவில்லை. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பாவின் கூட்டாளி ஒருவர் அப்படித்தான் வாங்கிப்போனார். ஐப்பசியில் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. மார்கழியில் நாங்கள் அடுத்த வீட்டுக்காரர்களிடம் அரிசி கைமாற்று வாங்கினோம். அதை அம்மா மறக்கவில்லை.

எனக்கு எட்டு வயதாக இருந்த வருடம் ஆனி மாதத்தில், வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, வியாழக்கிழமை பெரியப்பா வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா அப்பாவுக்கு ஒரே அண்ணன். வேப்பந்தட்டையைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில் மானாவாரி நிலம் வைத்துப் பருத்தியும் சோளமும் போட்டுக்கொண்டிருந்தார். தாத்தா சீக்கிரமே இறந்துவிட்டதால் அப்பாவை வளர்த்தவர் அவர்தான். அப்பாவின் முதல் ஆம்ப்ளிஃபயரே பெரியப்பா ஒரு வருடத்துப் பருத்தியை விற்றுக் கொடுத்த பணத்தில் வாங்கியது. மற்றவர்களுக்கே இல்லை என்று சொல்லத் தெரியாத அப்பா, பெரியப்பா கேட்டால் வீட்டுக் கூரையைப் பிரித்துக் கொடுப்பார். பெரியப்பாவோ, கிணற்றை ஆழப்படுத்த வேண்டும், பாறையை வெடி வைத்து உடைக்க வேண்டும் என்று பங்குனியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருடத்து நெல்லுக்கான பணம் அப்போது அடுக்குப் பானையில் உளுந்துக்கு அடியில் இருந்தது. கீழப்பழுவூர்ப் பக்கத்திலிருந்து நெல் வியாபாரி அடுத்த வாரம் வண்டி கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா அதை உளுந்துக்குள் புதைத்ததை நான் பார்த்திருந்தேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. சொன்னால்தான் நான் சொல்லிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

செய்தி வந்த மறுநாள் வயர்மேன் வந்தார். அப்பாவுக்கு வேண்டியவர். கரண்டு பில் கட்டத் தேதி தாண்டிவிட்டது என்று ஞாபகப்படுத்தத்தான் வந்திருந்தார்.

“இன்னிக்கிக் கட்டிடுங்கக்கா. இல்லன்னா பீஸப் புடுங்கச் சொல்லிடுவாங்க. அண்ணன் வூட்டுல வந்து நான் எப்புடிப் புடுங்குறது?”

அம்மா முறத்தில் இருந்த அரிசியிலிருந்து தலை நிமிரவில்லை.

“புடுங்கிக்க தம்பி.”

வயர்மேன் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

“நெசமாத்தான் சொல்றேன். வியாழக்கெழம பொழுது சாயறதுக்குள்ள வந்து புடுங்கிடு. ரெண்டு நாள் கழிச்சி நானே பணத்தக் கட்டிடுறேன். ஒங்கண்ணன்கிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேணாம்.”

அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வீட்டில் பணம் இருக்கும்போது எதற்காக இருட்டில் உட்கார வேண்டும் என்று கேட்க நினைத்தேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசினால் கிடைப்பதை நினைத்துக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வயர்மேன் வந்து பீஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏதோ எங்கள் வீட்டில் திருடிவிட்டவர் மாதிரி வேகமாக சைக்கிளை மிதித்துப் போனார். அம்மா சிமினி விளக்கைத் துடைத்துப் பற்ற வைத்தாள். அன்றைக்கு மட்டும் திரியை மிகவும் தாழ்த்தி வைத்திருந்தாள்.

பெரியப்பா வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வந்து சேர்ந்தார். தோளில் ஒரு பையில் வேர்க்கடலை. நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தவர், பழக்கத்தில் சுவரைப் பார்த்தார்.

“என்னா பாப்பா, லைட்டப் போடலியா?”

நான் அம்மாவைப் பார்த்தேன்.

“பீஸப் புடுங்கிட்டாங்க மாமா,” என்றாள் அம்மா. “பில்லுக் கட்ட முடியல.”

அவர் கடலைப் பையை இறக்கி வைத்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படிக்கிற பிள்ளைக்கு இந்த வெளிச்சம் போதுமா என்று கேட்டார். கண் வலிக்கும் என்று அவராகவே பதிலும் சொல்லிக்கொண்டார். விளக்கின் திரியை ஏற்றிவிட்டார். அம்மா கொஞ்ச நேரம் கழித்து வந்து இறக்கிவிட்டாள்.

அப்பா அதற்குப் பிறகுதான் வந்தார். கீழப்பழுவூர்க் கோயில் திருவிழாவுக்கு நான்கு நாள் செட் போட்டுவிட்டு வருகிறார். வண்டியிலிருந்து சாமான்களை இறக்கும்போதே சத்தம் போட்டார்.

“என்னா வூடு இருண்டு கெடக்கு? பில்லுக் கட்டலியா? போன வாரம் அந்தக் கல்யாண வூட்டுப் பணத்த ஒன் கையிலதான…”

உள்ளே அண்ணன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

“எல்லாத்தையும் நெல்லுக்குக் குடுத்தாச்சு,” என்று அம்மா சமையற்கட்டிலிருந்து சொன்னாள். “மிச்சம் பில்லுக்குப் பத்தல.”

அப்பா அம்மாவின் பக்கம் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அப்போதே ஏதாவது புரிந்ததா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. கடைசி வரை அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இலையில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

“ஊருக்கெல்லாம் நீ வெளிச்சம் போடுற. ஒன் வூட்டுல இப்புடி ஆயிப்போச்சே தம்பி.”

அவர் குத்திக் காட்டவில்லை. அவருக்கு அப்படிப் பேசவும் வராது. அதனால்தானோ என்னவோ அப்பா தலையைக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அவருடைய டியூப் லைட்டுகள் எல்லாம் மூலையில் சாக்கில் சுற்றிக் கிடந்தன. நான் வாயைத் திறந்தேன். பானையில் பணம் இருக்கிறது, அம்மாதான் பீஸைப் பிடுங்கச் சொன்னாள் என்ற இரண்டு செய்திகளில் எதை முதலில் சொல்லலாம் என்று யோசிப்பதற்குள், அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டு, “வாய மூடிக்கிட்டுச் சாப்புடு,” என்றாள். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று நான் அதில் குழம்பிப்போனேன்.

மோர் ஊற்றுகிற நேரத்தில் பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

“ஒரு விசயமாத்தான் ஒன்னையப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்…”

மோர்ச் சொம்பைச் சாய்த்த அம்மாவின் கை அப்படியே நின்றது. பெரியப்பா விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இலையில் விரலால் கோடு இழுத்தார்.

“ஒண்ணுமில்ல. பாத்து ரொம்ப நாளாச்சு. அதான்.”

அம்மா மோரை ஊற்றினாள். இலை தாண்டித் தரையில் ஓடும்வரை ஊற்றினாள்.

காலையில் பெரியப்பா முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பெரம்பலூரில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துக்கொண்டு அப்படியே ஊருக்குப் போய்விடுவேன் என்றார். அம்மா வாசல் வரை வந்து, அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அக்கா என்றது பெரியம்மாவை. பெரியப்பா தலையாட்டினார். அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு பெரிய மூச்சு விட்டாள். அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது பொட்டுக்கடலையும் வெல்லமும் கிடைத்தன.

மதியச் சோற்றுக்கு நான் வீட்டுக்கு வந்தபோது பட்டப்பகலில் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. முந்திய நாள் யார் போட்டுவைத்த சுவிட்சோ. வாசலில் வயர்மேன் நின்றிருந்தார்.

“நீங்க கட்டுறதுக்குள்ள ஒங்க மூத்தாரு கட்டிட்டாருக்கா. காலையில என்னைய டீக்கடையில புடிச்சி, எந்த ஆபீசு, என்னா நம்பருன்னு கேட்டுக்கிட்டுப் போயிருக்காரு. புள்ள இருட்டுல படிக்குதுன்னாரு. நான் ஒண்ணும் சொல்லலீங்க.”

நான் குதித்தேன். சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பல்பு தெறித்துவிடும் என்று என்னை அதட்டக்கூட இல்லை. நாம் கட்ட வேண்டியதைப் பெரியப்பா கட்டிவிட்டார், அந்தப் பணம் நமக்கு மிச்சம் என்று நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். எப்போதும் கணக்கில் கெட்டியான அம்மாவுக்கு அது ஏன் சந்தோஷமாக இல்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நாலைந்து நாள் கழித்து, பெரியப்பாவின் ஊரிலிருந்து ஒருவர் ஆடியில் அவர்கள் கோயிலுக்குச் செட் போட வேண்டுமென்று கேட்டு வந்தார். அப்பா வீட்டில் இல்லை. அம்மாவே தேதி பேசி முன்பணமும் வாங்கிக்கொண்டாள். தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சொன்னார்:

“பெரியவரு மாட்ட வித்துட்டாருங்க. அந்தச் செவல மாட்ட. இனிமே ஒத்த மாட்டோட என்னா பண்ணுவாரோ.”

“எதுக்கு? கெணறு வெட்டவா?” என்றாள் அம்மா.

“கெணறா?” அவர் அம்மாவை வினோதமாகப் பார்த்தார். “கெணத்துப் பேச்ச அவரு விட்டு ரெண்டு மாசமாச்சுங்களே. ஒங்க அக்காவுக்கு வயித்துல கட்டி. திருச்சியில கொண்டு போயி ஆபரேசன் பண்ணச் சொல்லிட்டாங்க. தெரியாதா ஒங்களுக்கு?”

அம்மா சொம்பை வாங்கிக்கொண்டாள்.

“நாங்கூடச் சொன்னேன், தம்பிகிட்டக் கேளுங்கன்னு. போயிட்டு வந்தாரு. ‘அவனே இருட்டுல கெடக்கான், அவங்கிட்டப் போயி என்னத்தக் கேக்குறது’ன்னுட்டாரு.”

அவர் போன பிறகு அம்மா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு அடுக்குப் பானைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். உளுந்தை முறத்தில் கொட்டினாள். பணத்தை ஒரு துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சிந்திய உளுந்தை அள்ளவில்லை. அம்மா எதையும் சிந்தியபடி விட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என்னையும் இழுத்துக்கொண்டு பெரம்பலூர் போய் வேப்பந்தட்டை பஸ் ஏறினாள். அங்கிருந்து வண்டிப்பாதையில் நடந்தோம். வழி முழுக்கச் சோளத்தட்டை அறுத்த காடுகள். தூரத்தில் பச்சைமலை. கால் வலிக்கிறது என்று நான் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் விழவில்லை.

பெரியப்பா கட்டுத்தறியில் ஒற்றை மாட்டுக்குத் தட்டை போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார். தம்பிக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்டார். அம்மா முடிச்சை அவிழ்த்து நீட்டினாள்.

“வராத பாக்கி ஒண்ணு வந்துச்சு மாமா. அவரு குடுத்துட்டு வரச் சொன்னாரு.”

அப்பாவுக்கு நாங்கள் அங்கே வந்திருப்பதே தெரியாது. பெரியப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நெல்லுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நெல்லெல்லாம் வாங்கியாகிவிட்டது, அன்றைக்கே சொன்னேனே என்றாள் அம்மா. சில நாளுக்கு முன்னால் பணம் இல்லை என்று காட்டுவதற்காகச் சொன்ன பொய், இப்போது பணத்தைக் கொடுப்பதற்குப் பயன்பட்டது. அவர் வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரியம்மா உள்ளே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். அம்மாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கன்னத்தைத் தடவினாள்.

“ஒங்க வூட்டுலயே வெளக்கில்லாமக் கெடந்தீங்களாமே. ஒங்க மாமா வந்து சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு. இந்தப் புள்ளைய வச்சிக்கிட்டு நீயே கஷ்டப்படுற. எனக்கு எதுக்கு ஆயி இதெல்லாம்?”

அம்மா அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகை இல்லை. கட்டிலின் சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு, மூச்சுத் திணறும்படி அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஓரகத்தி மேல் இப்படிப் பாசம் வைத்தவளை எங்கே பார்க்க முடியும் என்று ஒருத்தி சொன்னாள். கட்டிலில் கிடந்த பெரியம்மாவே எழுந்து உட்கார்ந்து, எனக்கு ஒன்றும் ஆகாது, அழாதே என்று அம்மாவைத் தேற்ற வேண்டியதாயிற்று. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெரியம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. திருச்சியில் கட்டியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்து என் கல்யாணத்துக்கு வந்து எல்லோரையும் அதட்டி வேலை வாங்கினாள். விற்ற மாடுதான் திரும்பி வரவில்லை. அந்த வருடம் முழுக்கப் பெரியப்பா இன்னொருவரோடு ஆளுக்கொரு மாடாகச் சேர்த்துக் கட்டி உழுதார். எங்கள் வீட்டுக்கு நெல் வண்டி வரவில்லை. அப்பா ஏன் என்று கேட்கவில்லை. கம்பங்கூழும் சோளச்சோறும் தின்று நான் முனகினேன். அப்பா, கம்புதான் உடம்புக்கு நல்லது என்று ஒரு தடவை சொன்னார். அவருக்கும் கம்பு பிடிக்காது.

பெரியப்பா அந்தப் பணத்தை இரண்டு வெள்ளாமையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசித் தவணையைக் கொடுத்த அன்று, அம்மா கரண்டு பில்லுக்கான தொகையைத் தனியாக எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

“அது நான் பாப்பாவுக்குப் போட்ட வெளிச்சம். அத எதுக்குத் திருப்பித் தர்ற?”

அவர் ஒவ்வொரு தடவை வரும்போதும் அம்மா அதை வைப்பாள். அவர் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவார். ஒரு தடவை பொங்கல் சீர்த் தட்டில் வெற்றிலைக்கு அடியில் மறைத்துக் கொடுத்தனுப்பினாள். மறுநாளே என் பெயரைச் சொல்லி அது திரும்பி வந்தது. இன்னொரு தடவை அவருடைய பைக்குள் போட்டுவிட்டாள். அவர் பஸ்ஸில் ஏறிய பிறகு கண்டுபிடித்து ஜன்னல் வழியாக என் கையில் திணித்துவிட்டார். அம்மா பஸ் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி, “வாங்கிக்குங்க மாமா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்,” என்று கெஞ்சினாள்.

ஒரு பல்பு எரிந்ததற்கான காசு, அதற்குப் போய் அம்மா தெருவில் ஓடுகிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் விட்டுவிட வேண்டியதுதானே, நமக்கு லாபம்தானே என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பணத்தைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி அவள் திரும்பி வருவதற்காக நின்றுகொண்டிருந்தேன்.